எங்கள் உரல் ஆசனமான கதை

அடிலெய்டில் நான் வேலை பார்க்கும் பஸ் டெப்போவில் திங்கட்கிழமைக் கூட்டம் ஒரு வாசகத்தோடுதான் தொடங்கும். சூப்பர்வைசர் கிரெக், பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார். மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். கிடைக்காது. கையை முழுசாக நீட்டி, அட்டையைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு படிப்பார். நாம் நின்றுகொண்டிருக்கும் இந்த நிலத்தின் ஆதி உரிமையாளர்களை ஏற்றுக்கொள்கிறோம், அவர்களுடைய மூத்தோருக்கு மரியாதை செலுத்துகிறோம் என்று வரும். படித்து முடித்த அதே மூச்சில், அந்த நீல பஸ்ஸின் பிரேக் ஏன் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது என்று என்னைக் கேட்பார். நான் அங்கே டீசல் மெக்கானிக். சேர்ந்த புதிதில் இதைப் பிரார்த்தனை என்று நினைத்துக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுவிட்டேன். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கல்வராயன் மலைக்காரன் என்பது கொஞ்ச நாளில் வெளியே வந்தது. எங்கள் இனத்துக்கு மலையாளி என்று பெயர். இதனால் அடிலெய்டில் எனக்கு நேர்ந்த முதல் நன்மை, கேரளக்காரர்கள் ஓணத்துக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது. நான் அந்த மலையாளி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பாயசம் வருவதற்கு முன்னால் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டாவது நன்மை கிரெக்கிடமிருந்து வந்தது. "நீயும் ஆதிகுடியா? முன்னமே சொல்லியிருக்கலாமே" என்று அட்டையை என் கையில் கொடுத்துவிட்டார். அது வேறு மலை, இது வேறு நிலம், இங்கே உள்ளவர்கள் வேறு ஜனங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் தோளில் தட்டி, பணிவாகப் பேசுகிறாய் என்றார். அன்றிலிருந்து வாரா வாரம் ஒரு கல்வராயன் மலைக்காரன், இரண்டு பஞ்சாபிகளுக்கும் ஒரு கிரேக்கருக்கும் முன்னால் நின்று, ஆஸ்திரேலியாவின் ஆதி உரிமையாளர்களுக்கு மரியாதை செலுத்திக்கொண்டிருக்கிறான். நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கூட்டங்கள் இப்படித் தொடங்காது. மைக் டெஸ்டிங்கில் தொடங்கிச் சால்வையில் முடியும். இந்தக் கட்டுரையில் எனக்கு நேர்ந்த இம்சைக்கெல்லாம் காரணம் அப்படி ஒரு சால்வைதான்.

இந்த முறை லீவில் வந்தது அண்ணன் மகள் கவிதாவின் கல்யாணத்துக்கு. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸைப் பிடித்தேன். வெள்ளிமலைப் பக்கம் எங்கள் ஊரில் இறங்கியபோது, கல்யாண வீட்டுக்கான எந்த அடையாளமும் இல்லை. பந்தல்கால் இல்லை, வெள்ளையடிப்பு இல்லை. அண்ணன் கோவிந்தன் வாசலில் தனியாக உட்கார்ந்து, ஏற்கெனவே கூர்மையாக இருந்த அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணி அலமேலு பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தார். பாத்திரங்கள் சத்தமாகப் பதில் சொன்னதிலிருந்து விஷயம் பெரிது என்று புரிந்தது.

அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னது இதுதான். அண்ணி போன பருவத்தில் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார். அந்த நேரத்தில், மலைப் பாதையில் புதிதாக ஓர் அருங்காட்சியகம் வரப்போகிறது, பழங்குடிப் பொருட்களைத் திரட்டுகிறோம் என்று ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் ஜீப்பில் வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நின்றிருந்த எங்கள் வேங்கைமர உரலைப் பார்த்துக் மூக்கில் விரல் வைத்தார்கள். திறப்பு விழாவில் மேடையேற்றிச் சால்வை போடுவோம் என்றார்கள். அண்ணனுக்கு வாழ்நாளில் யாரும் சால்வை போட்டதில்லை. உரல் ஜீப்பில் ஏறிவிட்டது. அண்ணி திரும்பி வந்து பார்த்தால், உரல் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், வீட்டுக்குள் ஆணியில் ஒரு சால்வை.

வெறும் உரலாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். சாமை குத்த இப்போது ஊரில் மிஷின் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், முதல் சாமையை அந்த உரலில்தான் குத்த வேண்டும். பெண்ணின் தாய் உலக்கையை எடுத்துத் தர, பங்காளி வீட்டுப் பெண்கள் சேர்ந்து குத்துவார்கள். அந்த அரிசி பொங்கி, பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. அது ஆகாமல் பந்தல்கால் நடுவதில்லை என்று அண்ணி உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தினமும் போன் போட்டு, பந்தல் ஆச்சா என்று கேட்கிறார்கள். அண்ணன் தினமும் ஆய்க்கினே இருக்குது என்று பதில் சொல்கிறார். கவிதா மாப்பிள்ளைக்கும் அம்மாவுக்கும் இடையில் போனை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய் இங்கிலீசுல ரெண்டு வார்த்தை பேசு தம்பி. கொட்த்துடுவாங்க" என்றார் அண்ணன்.

என் இங்கிலீசின் லட்சணம் தெரிந்தவர்கள் அடிலெய்டில் இருக்கிறார்கள். ஆனாலும் வெளிநாட்டுக்காரன் என்ற மரியாதையை யாராவது நீட்டினால் மறுக்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. மறுநாள் காலை சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, ஷூ மாட்டி, அண்ணனோடு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன்.

முதல் அடி டிக்கெட் கவுண்டரிலேயே விழுந்தது. மலைவாழ் மக்களுக்கு நுழைவு இலவசம் என்று பலகையில் எழுதியிருந்தது. அண்ணன் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். என்னைக் காவலாளி நிறுத்தினார். பெல்ட்டைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். கார்டு இருக்கிறதா என்று கேட்டார். நான் நீட்டியது தெற்கு ஆஸ்திரேலியா டிரைவிங் லைசென்ஸ்.

"ஃபாரின் டிக்கெட் சார்" என்றார்.

அண்ணன் உள்ளேயிருந்து, "அவன் என் கூடப் பொறந்தவன்பா" என்று சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும்ங்க. நீங்க மலைவாசி. சார் ஃபாரினர்."

ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவரை ஆதிகுடியாகவும் ஒருவனை அயல்நாட்டானாகவும் பிரித்த அந்த மனிதரோடு வாதாடலாம் என்றுதான் பார்த்தேன். பின்னால் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. டிக்கெட் வாங்கிக்கொண்டேன். என் சொந்த இனத்தைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் கட்டணம். கிரெக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

உள்ளே நுழைந்ததும் எங்களை வரவேற்றவர் ஒரு மலைவாசி. பிளாஸ்டரில் செய்து வைத்திருந்தார்கள். இறுகிய தொடை, விரிந்த மார்பு, சினிமாக் கதாநாயகனின் மூக்கு, தலையில் இறகுக் கிரீடம், கையில் ஈட்டி. எங்கள் மலையில் இறகைக் கோழி வைத்திருந்து பார்த்திருக்கிறேன். ஈட்டியோடு நின்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா கையில் எப்போதும் இருந்தது ஒரு டார்ச் லைட். அதையும் தட்டினால்தான் எரியும். சுவரில் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து முரசுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. யானை வேட்டைக்குக் கிளம்புவது போல இருந்தது. நாங்கள் கடுக்காய் பொறுக்கியவர்கள். கடுக்காய் பொறுக்க முரசு தேவைப்படுவதில்லை. அண்ணன் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் நின்று, இது இன்னாருடைய முறம், இது இன்னாருடைய கூடை, இதை இவன் எனக்குத் தரவேண்டியவன் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த கூடத்தின் நடுவே சிவப்பு வெல்வெட் மேடை. மேலிருந்து ஒரு விளக்கு வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. மேடையில் எங்கள் உரல் தலைகீழாக நின்றது. எங்கள் உரல் இடுப்புச் சிறுத்து உடுக்கை போல இருக்கும். கவிழ்த்து வைத்தால் குழி கீழே போய்விடும், வழவழப்பான அடிப்பாகம் மேலே வந்துவிடும். பக்கத்தில் பித்தளைத் தகடு: 'பழங்குடித் தலைவரின் ஆசனம்.' பின்சுவரில், சட்டம் போட்ட பெரிய போட்டோ. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் எங்கள் உரலின் மேல் உட்கார்ந்து, முழங்கால்களில் கை ஊன்றிக் கம்பீரமாகப் பார்க்கிறார். பக்கத்தில் சால்வையோடு அண்ணன், சுவாமி ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவரைப் போல.

உரல் மேல் உட்காரக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்கே தெரியும். உட்கார்ந்தால் முதுகில் அடி விழும்.

"நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியே, சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எப்பிடிரா சொல்றது? அப்பதான் சால்வ போட்டாங்க."

பொறுப்பாளர் அறையில் இருந்தவர் பூங்கொடி என்ற இளம்பெண். மரியாதையாக நாற்காலி காட்டினார். நான் இங்கிலீசில் ஆரம்பித்தேன். அவர் அதைவிட நல்ல இங்கிலீசில் பதில் சொன்னதும் தமிழுக்குத் திரும்பிவிட்டேன். அது ஆசனம் இல்லை, உரல் என்றேன். அப்படியானால் நிபுணர் குழுவுக்கு ஆதாரத்தோடு எழுதிக் கொடுங்கள் என்றார். ஆதாரம் அதன் அடியில் இருக்கிறது, கவிழ்ந்திருப்பதைத் திருப்பினால் குழி தெரியும் என்றேன். காட்சிப் பொருளைத் திருப்புவதற்குக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார். அனுமதிக்கு என்ன வேண்டும்? ஆதாரம் வேண்டும். வெளிநாட்டில் இன்ஜினைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிறவன் நான். இப்படி ஒரு கியர்பாக்ஸை நான் கண்டதில்லை. எந்தப் பக்கம் போட்டாலும் நியூட்ரலிலேயே நின்றது.

கடைசி அஸ்திரமாக ஆஸ்திரேலியாவை எடுத்தேன். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் நான் கண்ணால் பார்த்தேன், அந்த மண்ணின் குடும்பம் ஒன்று வந்து நின்றது, உள்ளேயிருந்து அவர்களுடைய மரத்தொட்டியை எடுத்து வந்து கையில் கொடுத்தார்கள், அவர்கள் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதிகாரிகள் தள்ளி நின்றார்கள் என்று விவரித்தேன். பூங்கொடி கவனமாகக் கேட்டார். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், நான் திருநாவலூர். எங்க வூட்லயும் உரல் இருக்குது. இறக்கன அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் இப்பிடி?"

"இன்னைக்கு அது உரல்னு நான் எழுதனா, அந்த போட்டோவுல அவரு இன்னா மேல உட்கார்ந்துக்கினு இருக்காரு சார்?"

பூங்கொடி ஒப்பந்த வேலையில் இருப்பவர். போட்டோவை யார் இறக்கச் சொல்வது, இறக்கினால் ஏன் இறக்கினாய் என்று யாருக்குப் பதில் சொல்வது என்பதையெல்லாம் எங்களுக்கு முன்பே யோசித்துத் தூக்கம் கெட்டவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் மட்டும் அடிலெய்டு அடிலெய்டு என்று பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தோல்வியை அண்ணியிடம் ஒப்பித்தேன். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அண்ணி போட்டோவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைப்பது நல்ல அறிகுறி இல்லை.

"எவனோ குந்திக்கினு போட்டோ புட்ச்சிக்கினான். அதுக்கு எம் பொண்ணு கண்ணாலம் நிக்கணுமா? கேட்டுக்கினு நிக்கறதுக்கு அது இன்னா அவுங்க வூட்டு உரலா தம்பி?"

அண்ணன் உதவிக்கு வந்து, மிஷின் சாமையிலேயே சாமி கும்பிட்டு முடித்துவிடலாமே என்றார்.

"ஆங். சால்வயப் போத்திக்கினு நீயே பொண்ணுக்குப் பக்கத்துல குந்து" என்றார் அண்ணி.

அடுத்த நாள் அண்ணி பங்காளி வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, உலக்கைகள், முறம், ஒரு கூடைச் சாமை, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிட்டார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். அருங்காட்சியக வாசலில் பெண்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போனார்கள். மலைவாழ் மக்களுக்கு இலவசம் என்பதால் காவலாளியால் தடுக்க முடியவில்லை. உலக்கைக்குத் தடை என்று பலகையில் எங்கும் எழுதவில்லை. நான் இன்னொரு முறை ஃபாரின் டிக்கெட் வாங்கினேன்.

பூங்கொடி வெளியே ஓடி வந்தார். நான் சண்டையை எதிர்பார்த்து, நடுவில் புகுந்து சமாதானம் பேச வாசகங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. அண்ணி அவரை ஓரமாக அழைத்துப் போய் நீங்க எந்த ஊரு, அம்மா இருக்காங்களா, உங்க வூட்ல பொண்ணுக்கு இன்னா செய்வீங்க என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பூங்கொடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, பொருளைத் திருப்பத்தான் அனுமதி வேண்டும், செய்முறை விளக்க நிகழ்ச்சிக்கு அனுமதி வேண்டியதில்லை, அதை நடத்தச் சொல்லி மேலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்றார். நிகழ்ச்சிக்கு என்ன பெயர் போடுவது என்று நான் கேட்டேன். பழங்குடித் தலைவரின் ஆசனத்தில் சாமை குத்துதல் என்று போட முடியாது அல்லவா? "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றார். அண்ணியும் அதையே சொன்னார். கற்பூரம் மட்டும் கூடாது, புகை பட்டால் அலாரம் அடிக்கும் என்பது ஒரே நிபந்தனை. அண்ணி மஞ்சள் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்.

காவலாளிக்கு நிகழ்ச்சி என்ற சொல் பிடித்துவிட்டது. களை கட்ட வேண்டும் என்று, பிளாஸ்டர் மலைவாசியின் இறகுக் கிரீடத்தை எடுத்து வந்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கை பாதி தூரம் போய்விட்டது. அண்ணி திரும்பிப் பார்த்தார். கை திரும்பி வந்தது. அடுத்து காவலாளி கூடத்தின் குறுக்கே ஒரு நைலான் கயிற்றைக் கட்டினார். பார்வையாளர் எல்லாம் கயிற்றுக்கு வெளியே என்றார். அண்ணன் உள்ளே. நான் டிக்கெட்டோடு வெளியே, உளுந்தூர்பேட்டையிலிருந்து டெம்போ டிராவலரில் வந்த ஒரு பெரிய குடும்பத்தின் நடுவில்.

உரலைத் திருப்பினார்கள். குழிக்குள் கொஞ்சம் பழைய உமி ஒட்டியிருந்தது. அண்ணி அதை முந்தானையால் துடைத்து, மஞ்சள் தண்ணீர் விட்டு, சாமையைக் கொட்டி, முதல் உலக்கையை எடுத்துத் தந்தார். ஸ்பீக்கர் முரசு ஒரு தாளத்தில் அடித்தது, உலக்கைகள் வேறொரு தாளத்தில் விழுந்தன. பெண்கள் கொஞ்ச நேரம் தடுமாறினார்கள். பூங்கொடி போய் ஸ்விட்சை அணைத்தார். அதன் பிறகு கூடத்தில் உலக்கைச் சத்தம் மட்டும். ஒன்று விழ, ஒன்று எழ, இடையில் மூச்சு. என் பக்கத்தில் நின்றவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே, "அடுத்த ஷோ எத்தன மணிக்கு சார்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உமி என்று சொல்லி வைத்தேன்.

குத்தி, புடைத்து, அரிசியைக் கூடையில் எடுத்துக்கொண்டதும் அவர்களே உரலை மறுபடி கவிழ்த்து வெல்வெட்டில் வைத்தார்கள். தகடு மாறவில்லை. போட்டோ இறங்கவில்லை. இதற்கு எப்படி ஒப்புக்கொண்டீர்கள் என்று வரும் வழியில் அண்ணியிடம் கேட்டேன். கேட்டது நடந்துவிட்டது, உரல் எங்கே இருந்தால் என்ன, அடுத்த பெண்ணுக்கும் இங்கேயே வந்து குத்திக்கொள்கிறோம் என்றார். அன்று மாலையே பந்தல்கால் நட்டார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணன் சால்வையைப் போர்த்திக்கொள்ளவில்லை.

நான் கிளம்பும்போது அண்ணி ஒரு துணியில் அந்தச் சாமை அரிசியைக் கொஞ்சம் முடிந்து கொடுத்தார். கல்யாணத்துக்கு வர முடியாமல் போன என் மனைவிக்கும் மகளுக்கும்.

"கண்ணால அரிசி. வூட்ல எல்லாரும் ஒரு வாய் தின்னணும். வாணாம்னு சொல்லாத."

அடிலெய்டு விமான நிலையத்தில், உணவுப் பொருள் இருக்கிறது என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஓர் இளம்பெண். முடிச்சைப் பிரித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். சாமைக்கு ஆங்கிலத்தில் 'லிட்டில் மில்லெட்' என்று பெயர், அதைச் சொன்னேன். கொஞ்சமா நிறையவா என்று நான் கேட்கவில்லை, என்ன தானியம் என்று கேட்டேன் என்றாள். இரண்டாம் முறை சொன்னபோதும் அளவைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாள். பிறகு கல்யாணத்தைச் சொன்னேன், உரலைச் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்து, உங்கள் பண்பாட்டை நான் மதிக்கிறேன், ஆனால் இது நாட்டுக்குள் வர முடியாது என்று குப்பைத் தொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். டெப்போ அட்டையில் இருந்த அதே குரல்.

இங்கேயே சாப்பிட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டு வந்தாள். தரையில் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டி, அதற்கு இந்தப் பக்கம் என்றால் ஆட்சேபணை இல்லை, துணியை மட்டும் தொட்டியில் போட்டுவிடுங்கள் என்றாள்.

கோட்டை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வேகாத சாமை பல்லில் மணல் மாதிரி நொறுங்கியது. முதலில் என் பங்கு. பிறகு மனைவியின் பங்கு. ஆட்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகப் போக, கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் வெளியே மகள் எம்பி எம்பிக் கையாட்டுவது தெரிந்தது. ஏன் இன்னும் வரவில்லை என்று சைகையில் கேட்டாள். வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு கையை அவளுக்கு ஆட்டிக்கொண்டே, மறு கையால் அவளுடைய பங்கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.